தலைகீழ் வகுப்பறையும் மாணவர்களின் முறையீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாடத்தை முன்னதாகக் காணொலியில் பார்த்துவிட்டு வந்து, ஆசிரியர் உடனிருக்கும் நேரத்தைப் பயிற்சிக்கும் விவாதத்துக்கும் செலவிடும் ‘தலைகீழ் வகுப்பறை’ முறை இணையவழிப் படிப்புகளில் பரவிவரும் வேளையில், பல்கலைக்கழக மாணவர்கள் அதைக் குறைகூறினால் சோம்பல் என்று ஒதுக்கிவிடும் போக்கு ஆசிரியர்களாகிய எங்களிடம் இருக்கிறது. இது சரியன்று.

குறைகள் அனைத்தும் நியாயமானவை என்றும் கூறமாட்டேன். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தும், விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக எண்ணினார்கள். அது நேரடி வகுப்பில் நடந்த ஆய்வுதான். ஆயினும், திணறித் திணறிப் புரிந்துகொள்வதைப் புரியாமை என்றே எண்ணிவிடும் மயக்கம் திரைக்கு முன்னாலும் இருக்கவே செய்யும்.

என் இணையவழி வகுப்பு மாணவர்களின் குறையோ வேறு வகை. காணொலியைப் பார்க்காதவர்களுக்காக நேரலையில் அதையே மீண்டும் சொல்வதால், பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒரே பாடத்தை இருமுறை கேட்க நேர்கிறது என்றார்கள். உண்மைதான். இரக்கப்பட்டு நான் சொன்ன அந்தச் சுருக்கமே, அடுத்த வாரம் பார்த்துவிட்டு வருவோரின் எண்ணிக்கையை மேலும் குறைத்தது. எட்எக்ஸ் என்னும் இணையவழிப் படிப்புத் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் காணொலி அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட கட்டுரை, காணொலி எவ்வளவு நீண்டிருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்கிறது. நானோ முழு விரிவுரையையும் அப்படியே பதிவுசெய்து ஏற்றியிருந்தேன்.

வேலைக்குச் செல்லும் மாணவர்களும் பயிற்றுமொழியில் தடுமாறுபவர்களும் காணொலியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதியை மிகவும் விரும்புகிறார்கள். எனினும், இரவில் தனியே பார்க்கும்போது எழும் ஐயத்தைக் கேட்க, வளாகத்தில் இருப்பதுபோல் பக்கத்து இருக்கையில் எவரும் இல்லை. நேரலையில் சிறு குழுக்களாகப் பிரித்துவிட்டாலோ, கேமராவை அணைத்துவிட்டு ஆளுக்கொரு மௌனம்.

பருவ முடிவில் நாங்கள் கொடுக்கும் கருத்துப் படிவம், இம்முறை பிடித்திருந்ததா என்பதோடு நின்றுவிடுகிறது. காணொலிகளுக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஆயிற்று, நேரலையில் புதிதாக என்ன செய்தீர்கள், ஐயம் எழுந்தபோது யாரிடம் கேட்டீர்கள் என்ற மூன்று கேள்விகளை, திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும் மூன்றாம் வாரத்திலேயே கேட்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர்