அப்பாவின் வீடு நிலைத்தது: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் வங்கிக்குப் போய்த் தவணை கட்டிவிட்டு வந்தேன். பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பையில் வைக்கும்போதுதான், இதற்குப் பின்னால் நின்ற யாருக்குமே நான் முறையாக நன்றி சொல்லவில்லை என்பது உறைத்தது. நேரில் வந்து சொன்னால் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

இது அப்பா வாங்கிய காணி. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் 10 பேர்ச் வாங்கினார். அதற்கு முன் எங்கள் பரம்பரையில் எல்லோரும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை அறைகளில், பிறந்து லயத்தில் கண்மூடியவர்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பா, காணி உறுதிப் பத்திரத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று என்னைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அவர் எனக்கு எழுதிவைத்த அந்த வீட்டைத்தான் 2018இல் வங்கியில் ஈடு வைத்து, மரக்கறி லொறி ஒன்றுக்காகப் பெரிய கடன் எடுத்தோம்.

கொரோனா காலத்தில் தவணை கட்டச் சலுகைக்காலம் கிடைத்தது, சமாளித்தோம். 2022இல் முடியவில்லை. டீசல் வரிசையில் லொறி நாட்கணக்கில் நின்றது. ஏற்றிய லீக்ஸும் கோவாவும் வாடின. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. எங்களுடையது மாறும் வட்டிக் கடன், நாட்டில் வட்டி ஏறினால் எங்களுக்கும் ஏறும். தவணை ஒன்றரை மடங்குக்குக் கிட்ட ஏறியது. லொறியை விற்று வீட்டுச் செலவையும் சில தவணைகளையும் பார்த்தோம். அப்புறம் விற்க ஒன்றும் இல்லை.

2023இல், நம் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்து போனார்கள். அந்த வருடம் நவம்பரில்தான் எங்கள் வீட்டின் பெயர் பத்திரிகையில் ஏல அறிவித்தலாக வந்தது. அதற்கு முன் வங்கியிலிருந்து வந்த கடிதங்கள் எங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தன. நாங்கள் அவற்றை மேசை லாச்சியில் போட்டு வைத்திருந்தோம். அது எங்கள் தவறு. ஆனால் தமிழில் ஒரு பக்கம் சேர்த்து அனுப்பியிருந்தால் ஒரு வருடம் முன்னமே ஓடியிருப்போம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நன்றி, சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்துப் பேசிய இளம் சட்டத்தரணிக்கு. மகள், நீங்கள் ஒரு சதமும் வாங்கவில்லை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, எங்களுடையது போன்ற பெரிய கடன் என்றால் நீதிமன்றம் போகாமலே வங்கி ஈட்டுச் சொத்தை விற்கலாம் என்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டோம். இப்படி விற்பதற்குப் பெயர் பராட்டே, அந்தச் சொல்லையும் அன்றுதான் கேட்டோம். வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்க வேண்டும், அது அரசாங்க வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும், ஏல நாளுக்கு 14 நாளாவது முன்பு திரும்பவும் அறிவிக்க வேண்டும், அந்த நாளுக்கு முன் முழுப் பணத்தையும் செலவுகளையும் கட்டினால் விற்க முடியாது என்று ஒவ்வொன்றாக ஒரு கொப்பியில் எழுதித் தந்தீர்கள். கடைசியில் நீங்கள் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது: “அக்கா, அழுது கேட்டால் வங்கி கேட்காது. மாதாமாதம் சம்பளம் வருகிறது என்று காட்டுங்கள், தவணையை மாற்றிக் கேட்கலாம்.”

2024 பெப்ரவரியில் அமைச்சரவை, பராட்டே நடவடிக்கைகளை டிசம்பர் 15 வரை நிறுத்திவைக்க முடிவெடுத்தது. கிட்டத்தட்ட பத்து மாத மூச்சு. அதை வைத்து என்ன செய்வது?

பிரதேச செயலகத்தில் இருக்கும் அண்ணன், நீங்கள்தான் பதுளையில் நடக்கும் ஆறு மாத பேக்கரிப் பயிற்சியைப் பற்றிச் சொன்னீர்கள். 41 வயதில் படிக்கப் போவதா என்று நான் தயங்கியபோது, விண்ணப்பத்தை நீங்களே நிரப்பி என் முன்னால் தள்ளினீர்கள். அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் நான் திரும்பி வீட்டுக்கு வந்திருப்பேன்.

பேக்கரி வகுப்பு எடுத்த சேர், உங்களுக்கு எப்படிச் சொல்வது? வகுப்பு சிங்களத்தில் நடந்தது. பேச்சுச் சிங்களம் எனக்குத் தெரியும், புத்தகச் சிங்களம் தெரியாது. முதல் வாரமே நின்றுவிட நினைத்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல், அடுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கையால் காட்டத் தொடங்கினீர்கள். நம் மலைக்குளிரில் மா லேசில் பொங்காது. கீழ்நாட்டுச் சமையல் குறிப்பில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காதே, மாவை விரலால் அழுத்திப் பார், பள்ளம் மெதுவாகத் திரும்பி எழும்பினால் போறணைக்கு (பாண் சுடும் அடுப்புக்கு) போகலாம் என்று என் விரலைப் பிடித்தே அழுத்திக் காட்டினீர்கள். தண்ணீரை வெதுவெதுப்பாக எடுப்பதும், தட்டுகளைப் போறணைக்குப் பக்கத்தில் வைத்து ஈரத்துணியால் மூடுவதும் இன்றும் நான் தினம் செய்வது. என் முதல் பாண் செங்கல் மாதிரி இருந்தது. அதை இரண்டாக வெட்டி, நடுவில் பச்சை மா எங்கே நிற்கிறது என்று காட்டினீர்களே தவிர, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

வெலிமடைத் தங்கச்சி, பஸ்ஸில் வரும்போதெல்லாம் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தந்தாய். உனக்கு என் மகளின் வயது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த 4ஆம் மட்டச் சான்றிதழில் பாதி உன்னுடையது. நோன்பு மாதத்தில் வாய்க்கு ஒன்றும் படாமல் நாள் முழுக்கப் பணிஸ் சுட்டுவிட்டு, மாலையில் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்ததை நான் மறக்கமாட்டேன்.

மாமி, ஆறு மாதமும் விடியற்காலையில் எழும்பிப் பிள்ளைகளுக்குச் சோறு கட்டினீர்கள். கடை முதலாளி ஐயா, கொப்பியில் கடன் ஏறிக்கொண்டே போனது, ஒரு நாளும் கேட்கவில்லை. முழுவதும் அடைத்துவிட்டேன், ஆனால் அந்த மௌனத்துக்கு நான் இன்னும் கடன்காரி.

எல்ல பக்கம் ஹோட்டலில் பயிற்சிக்குப் போனவளை அங்கேயே வேலைக்கு எடுத்த தலைமை பேக்கர் ஐயாவுக்கும் நன்றி. ஒகஸ்டில் முதல் சம்பளச் சிட்டை கைக்கு வந்தது. சேமலாப நிதி பிடித்து, பெயர் அச்சடித்த சிட்டை. அப்பா உறுதியைத் தடவியது போல நானும் தடவிப் பார்த்தேன்.

நவம்பரில் மூன்று சிட்டைகளும் சான்றிதழும் என் கணவரின் சாரதிச் சம்பளக் கடிதமும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். அன்று எங்களைப் பார்த்த உத்தியோகத்தர் தங்கச்சி, முழுக் கணக்கையும் தமிழில் விளக்கினீர்கள். நிலுவையோடு சேர்த்த மொத்தத் தொகை, 12 வருடம், புதிய தவணை. “கையொப்பம் வைக்க முன் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள்” என்று சொன்ன முதல் ஆள் நீங்கள். ஏல அறிவித்தல் விலக்கப்பட்டது.

உறுதி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. 2036 வரை இருக்கும். வீட்டில் நாங்கள் இருக்கிறோம்.

வங்கிக் கடிதம் வந்து லாச்சியில் கிடக்கிறதென்றால், மூடி வைக்காமல் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். போயா (பௌர்ணமி) நாளில் எனக்கு லீவு. யாரைப் போய்ப் பார்ப்பது, என்ன கேட்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நன்றியோடு,
பண்டாரவளையிலிருந்து உங்கள் அக்கா