ஞாயிறு காலை கோடியக்கரை: ராமர் பாதமும் காவல் கோபுரமும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வேதாரண்யம் பேருந்து நிலையத்தில் கூடி, கோடியக்கரை போகிறோம்.

"உயரத்தில் நின்று பார்க்கக் கோடியக்கரையில் ஏது மலை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே மிக உயரமான இடம் ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர். ஆனால் சுற்றிலும் உப்பளமும் சதுப்பும் தட்டையாகக் கிடக்கும் மண்ணில் அந்த நாலு மீட்டரே கண்ணுக்குப் பெரிய வரம். பாத மண்டபத்தின் மேல்தளத்தில் நின்றால் பாலை மரக்காடு முழுவதும் காலடியில் விரியும்.

அடுத்து வனத்துறையின் காவல் கோபுரம். வெளிமான்களைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்பது கிடா. கொம்பில்லாமல் வெளிர்பழுப்பாக இருப்பவை பெட்டைகள். வெயில் ஏறுமுன் புல்வெளிக்கு வந்துவிடும். தயவுசெய்து மேலே பேச்சு வேண்டாம், ஒரு குரல் எழுந்தாலும் கூட்டம் சிதறிவிடும். அங்கே காட்டில் திரியும் குதிரைகளுக்குத் தின்பண்டம் போடவே கூடாது.

பழைய சோழர் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்துபோனது. எஞ்சிய கற்களையாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை.

தொலைநோக்கி, தண்ணீர், தொப்பி அவசியம். பிளாஸ்டிக் பை வேண்டாம். திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவிடத்தில் சற்று நிற்போம். வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் தரவும், வேன் பேச வேண்டும்.