இடது பெடலுக்கு ஒரு தகடு

அன்புள்ள நண்பா,

உனக்கு எழுதி எட்டு மாதமாயிற்று. நீ போட்ட மூன்று கடிதங்களும் என் மேசையில் செயின் எண்ணெய்க் கறையோடு கிடக்கின்றன. மூன்றிலும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறாய்: அக்கா வண்டி என்ன ஆயிற்று? அதற்குப் பதில் எழுத முடியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இப்போது எழுதலாம். நேற்று அக்கா அந்த வண்டியில் தனியாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள்.

வீட்டில் எல்லாரும் நலம். சின்னவன் உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டான். மாமாவின் முழங்கால் வலி அப்படியேதான். கணக்கு வாத்தியார் உன்னை விசாரித்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வண்டி கவிழ்ந்தது. அக்காவோடு கவிழ்ந்தது.

அந்த வண்டியை நீ படத்தில் பார்த்திருக்கிறாய். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் சீட். பக்கவாதத்துக்குப் பிறகு அக்காவின் இடது கால் தானாகப் பெடலைச் சுற்றாது என்பதால், ஃப்ரீவீலை (மிதிக்காதபோது பெடலைச் சும்மா நிற்க விடும் பல்சக்கரம்) எடுத்துவிட்டுச் செயினை நேராகச் சக்கரத்தோடு பூட்டினேன். வண்டி ஓடும்வரை பெடலும் சுற்றும். வலது கால் மிதித்தால் போதும், இடது காலை வண்டியின் ஓட்டமே கொண்டுபோகும் என்று கணக்குப் போட்டேன். சமதளத்தில் அழகாகவே ஓடியது. நான்காம் நாள் ஒரு லேசான இறக்கத்தில் பெடல் அவள் பழகியதைவிட வேகமாகச் சுழல ஆரம்பித்தது. பக்கவாதம் வந்த தசையை மெதுவாக நீட்டினால் இணங்கும், சட்டென்று நீட்டினால் இறுகிக்கொள்ளும். அவளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் இதை என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதைப் பெடலோடு சேர்த்து யோசிக்கவில்லை. இடது கால் விறைத்துப் பெடலை விட்டு நழுவியது. கால் எங்கே போயிற்று என்று அக்கா குனிந்து பார்த்தாள். பார்வை போன பக்கம் கையும் போயிற்று. ஹேண்டில்பார் சட்டென்று திரும்ப, வண்டி சாய்ந்தது. வேகம் மணிக்கு 7 கி.மீ. இருந்திருக்கும், அவ்வளவுதான்.

எலும்பு எதுவும் முறியவில்லை. தோளில் சிராய்ப்பு, கன்னத்தில் வீக்கம். ஆனால் அவளைத் தூக்கியபோது அவள் முகத்தைப் பார்த்தேனே, அதை உனக்கு எப்படி எழுதுவது? நம்மில் ஒருவனைப் பாரிலும் ஒருவனைக் கேரியரிலும் ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் மிதித்தவள் அவள். அன்றிரவே வண்டியைப் பிரித்துப் பரணில் போட்டேன். உன் முதல் கடிதம் அடுத்த வாரம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவளே கூப்பிட்டு விட்டாள். போனால், தரையில் சாக்பீஸால் ஒரு நாற்காலியின் அளவைக் கோடு போட்டு வைத்திருந்தாள். "நீ ஓட்டுவதைப் பற்றியே படம் போட்டாய். நான் எப்படி ஏறி உட்காருவேன், எப்படி இறங்குவேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா?" என்றாள். கேட்கவில்லைதான். நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கோ அதுதான் முதல் குறை. இரண்டு ஆள் இல்லாமல் ஏற முடியாத வண்டி யாருக்கு வேண்டும்?

அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தோம். எனக்குத் தெரியாத ஒன்றை அன்று அவள் செய்தே காட்டினாள். அவள் எங்கே உட்காருவதானாலும் வலது பக்கமாகத்தான் நகர முடியும், பலம் அந்தக் காலில்தானே இருக்கிறது. அப்படியானால் வண்டியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, அதன் இடப்புறமாக ஏற வேண்டும். இறங்கும்போதும் வலது பக்கமே நகர வேண்டும், ஆகவே வண்டியின் வலப்புறமாக இறங்க வேண்டும். ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறு பக்கம்! நான் பழைய வண்டியில் வலப்பக்கத்தில் கைத்தாங்கியைப் பற்றவைத்திருந்தேன். இப்போது இரண்டு கைத்தாங்கியும் மேலே மடங்கும். சீட்டுக்கு முன்னால் குறுக்கே குழாய் எதுவும் இல்லை, ஃப்ரேம் கணுக்கால் உயரத்துக்கு இறங்கிப் போகிறது. சீட்டின் உயரம் அவள் வீட்டு நாற்காலி உயரம், 48 செ.மீ.

இந்த 48-க்காக நாங்கள் எவ்வளவு சண்டை போட்டோம் தெரியுமா! கவிழாமல் இருக்க வேண்டுமானால் சீட்டு தாழ வேண்டும். எழுந்திருக்க வேண்டுமானால் உயர வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற, முன்னால் இரண்டு சக்கரம் வைத்த வண்டிகள் தரையோடு ஒட்டிப் பறக்கின்றன, பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அவற்றில் அக்கா உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்.

உனக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன். பழைய வண்டியின் பின்சக்கரங்களுக்கு இடையே 70 செ.மீ., அதில் பாதி 35. ஆனால் மூன்று சக்கர வண்டி கவிழ்வது ஒரு பின்சக்கரத்தையும் முன்சக்கரத்தையும் சேர்க்கிற கோட்டின் மேல். எடைமையம் பின் அச்சிலிருந்து முன்சக்கரத்தை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருந்தது. அதனால் அந்த 35-இல் கையில் நின்றது 23 செ.மீ.தான். எடைமையத்தின் உயரமோ 90. பலகையில் ஏற்றி, எடைக்கு மூட்டை வைத்துப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன், 14 பாகையைத் தாண்டியதும் மேல்பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டது. ஒன்றரை மீட்டர் ஆரத்தில் ஒடித்துத் திரும்பினால் மணிக்கு 7 கி.மீ.யில் கவிழும் என்று அதற்கு அர்த்தம். இந்தப் பலகைச் சோதனையை நான் அக்காவை உட்கார வைப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

புதிய வண்டியில் சீட்டைத் தாழ்த்தினேன், கொஞ்சம் பின்னால் தள்ளினேன், சக்கரங்களை 76-க்கு அகலப்படுத்தினேன். அதற்குமேல் போனால் வாசல் நிலையில் இடிக்கும். இப்போது 20 பாகை வரை தாங்குகிறது. இன்னும் பின்னால் தள்ளலாமே என்பாய். தள்ளினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் எடையில்லாமல் மிதந்து, திருப்பினாலும் திரும்பாது. அதையும் பலகையில் பார்த்துவிட்டேன்.

அடுத்தது கால். சக்கரத்தோடு பூட்டிய செயினை விட்டுவிட்டேன், ஃப்ரீவீல் திரும்ப வந்துவிட்டது. ஆனால் ஒரு காலால் மிதிப்பவருக்குப் பெடல் உச்சியிலும் அடியிலும் வந்து நின்றுவிடும். மற்ற கால் தள்ளிவிட்டால்தான் நகரும். இதற்கு வலது பாதத்தைப் பெடலோடு பட்டை போட்டுச் சேர்த்தோம், மிதிப்பதோடு மேலே இழுக்கவும் அவளுக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் தண்டை, 100 மி.மீ. ஆகக் குறைத்தேன், வலப்பக்கம் 150. இடது கால் ஏறி இறங்கும் தூரம் 30 செ.மீ.யிலிருந்து 20 ஆயிற்று, முழங்கால் மடக்கமும் அதற்கேற்பக் குறைந்தது. பெடலுக்குப் பதில் குதிகாலை ஏந்தும் ஒரு கிண்ணம், அதிலிருந்து கெண்டைக்காலைத் தாங்கும் ஒரு கம்பி. அவள் பாதம் முன்பக்கம் தொங்கிவிடும் என்பதால் இந்தக் கம்பி இல்லாமல் முடியாது. ஓடுகிற வண்டியில் பாதம் தரையில் விழுந்து அடியில் இழுபட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். பட்டைகளின் வாய் எல்லாம் அவள் வலது கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறது. அவளாகவே அவிழ்க்க முடியாத பட்டையைப் போடவே கூடாது என்று முடிவு செய்துவிட்டோம்.

கியர் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடித்தேன், அதிலும் அவள் சொன்னதுதான் சரி. அவளும் வண்டியுமாக 100 கிலோ. நிதானமாக மிதித்தால் 40 வாட், நிமிடத்துக்கு 40 சுற்று என்று வைத்துக்கொண்டேன். சமதளத்தில் அது மணிக்கு 11 கி.மீ. தரும், ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் அதே 40 வாட்டுக்கு மணிக்கு 1.6 கி.மீ.தான், ஒரு சுற்றுக்கு 66 செ.மீ. இரண்டுக்கும் ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம்! மூன்று கியர் ஹப் (உள்ளே கியர் வைத்த சக்கரக் குடம்) இரண்டு மடங்கு கூடத் தராது. நான் வழக்கம்போல நடுவில் ஒரு கியரை எடுத்து, மேட்டில் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. நீயும் நானும் இறங்கித் தள்ளுவோம். அவள் எப்படித் தள்ளுவாள்? மேட்டின் நடுவில் மிதி நின்றால் அவளுக்கு அங்கேயே எல்லாம் நின்றது. "வேகம் எனக்கு வேண்டாம். நிற்காமல் ஏறினால் போதும்," என்றாள். கடைசியில் சீட்டுக்கு அடியில் மூன்று கியர் ஹப், பின்னால் 11 முதல் 34 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு, இரண்டு செயின். சேர்ந்து ஐந்தரை மடங்கு வருகிறது. விட்டதெல்லாம் மேல்பக்கத்து வேகத்தில்தான், கீழ்ப்பக்கத்தில் ஒரு பல்லைக்கூட விடவில்லை.

காலே மிதிக்க முடியாதவர்களுக்குக் கைப்பெடல் இருக்கிறது, அடுத்து அதைத்தான் செய்து பார்க்க ஆசை. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன், உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டெஃபான் ஃபார்ஃப்ளர், ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கத்து ஆல்ட்டார்ஃபில் கடிகாரம் செய்தவர். நடக்க முடியாதவர். 1655-இல், 22 வயதில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தனக்குத் தானே செய்துகொண்டார். கடிகாரப் பல்சக்கரம் தெரிந்த கை, அதே பல்சக்கரத்தை முன்சக்கரத்தில் கொண்டுபோய் வைத்தது. சைக்கிள் பிறக்க இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது, நினைத்துப் பார்! இன்னொன்று கேள். 1930-களில் மடக்குகிற சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு நண்பர்கள். சுரங்க விபத்தில் முதுகு ஒடிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட், எஞ்சினியர் ஹாரி ஜென்னிங்ஸ். உட்காருகிறவரே வரைந்திருக்கிறார், அல்லது அவர் பக்கத்திலேயே இருந்து வரைந்திருக்கிறார்கள். நான் முதல் வண்டியை அக்கா இல்லாத அறையில் உட்கார்ந்து வரைந்தேன்.

பிரேக்கை மறந்துவிட்டேன். ஒரே பிடியில் இரண்டு கேபிள், இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கும். பிடியிலேயே ஒரு கொக்கி, மாட்டினால் வண்டி அசையாது. ஏறுவதும் இறங்குவதும் அதை மாட்டிய பிறகுதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நான் வாசலில் நின்றேன், கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தெருமுனை வரை போனாள், திரும்பினாள், அதற்குப் பிறகு எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து நிமிடம். மாமா உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். ஏற்றமான பக்கம்! முகமெல்லாம் வியர்வை. கொக்கியை மாட்டினாள், பட்டையை அவிழ்த்தாள், கைத்தாங்கியை மடக்கினாள், வலப்புறமாக இறங்கி எழுந்து நின்றாள். யாரும் தொடவில்லை. "இடது குதிகால் வலிக்கிறது, அந்தக் கிண்ணத்தைச் சரி பண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வண்டியைத் துடைக்கிற மாதிரி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்டா.

அதற்குத்தான் நீ வேண்டும். இப்போது இருப்பது நான் ஒட்டுப்பலகையில் இழைத்த கிண்ணம், ஓரம் கடிக்கிறது, ஒரு பக்கம் விரிசலும் விட்டுவிட்டது. எனக்கு அலுமினியத்தை அவ்வளவு சுத்தமாக வளைக்க வராது, உனக்கு வரும். 3 மி.மீ. தகடு போதும். குதிகால் உட்காரும் இடம் வட்டமாக, ஓரங்களை நன்றாக உருட்டிவிடு, உள்ளே நான் மெத்தை ஒட்டிக்கொள்கிறேன். அதோடு உன் லேத் சும்மா இருக்கும்போது ஒரு இடப்பக்கக் கிராங்கும் வேண்டும். 80, 100, 120 என்று மூன்று துளை, மூன்றிலும் பெடல் மரை. இடப்பக்கப் பெடலுக்கு இடமரை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எந்த அளவு அவளுக்கு ஒத்துப்போகிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அளவெல்லாம் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். அக்கா பாதத்தைத் தாளில் வைத்து அவளே பென்சிலால் சுற்றி வரைந்தது அது. கோடு நடுங்கியிருக்கும், பாதம் சரியாகத்தான் இருக்கிறது. தயவுசெய்து அந்த நீல ஸ்கேலை எடுக்காதே, போன தடவை என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

செய்து முடித்தால் தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. காலில் வைத்துப் பார்த்து அங்கேயே தட்டித் திருத்த வேண்டியிருக்கும். அக்காவும் உன்னைக் கேட்டாள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்