நிழல் இல்லாத வெளிச்சம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

'ஃபிரண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் சோபாவில் உட்கார்ந்து நீ எடுத்துக்கொண்ட படம் வந்தது. அதைவிட நீ கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. "அப்பா, இந்த சிட்காம்களில், அதான் இந்த நகைச்சுவைத் தொடர்களில் எல்லாம், ஏன் நிழலே இல்லாமல் லைட் போடுகிறார்கள்?" போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வகுப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் லைட் தூக்கியவனிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அந்த வெளிச்சத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1951 அக்டோபரில் சிபிஎஸ் என்ற அமெரிக்க டிவி சேனலில் 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியபோது வந்தது. அதற்கு முன்பும் குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் உண்டு. 'தி கோல்ட்பெர்க்ஸ்' ரேடியோவிலிருந்து டிவிக்கு வந்தது. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. நேரடியாகப் பார்க்க முடியாத ஊர்களுக்கு, டிவி திரையையே ஃபிலிமில் படம்பிடித்து அனுப்புவார்கள். மங்கலாக, அழுது வடியும்.

'ஐ லவ் லூசி'யில் லூசியாக நடித்த லூசில் பாலும், அதில் அவரோடு நடித்த அவர் கணவர் தேசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். தேசி இசைக்குழு நடத்துபவர், பாதி நாள் வெளியூர். அவரோடு ஒரே ஊரில் குடித்தனம் நடத்தத்தான் அந்த அம்மாள் இந்தத் தொடருக்கே ஒப்புக்கொண்டார். கியூபாக்காரரை அமெரிக்கப் பெண்ணின் கணவனாக மக்கள் ஏற்பார்களா என்று சேனலுக்குத் தயக்கம். இருவரும் 1950-ல் ஊர் ஊராக மேடையேறி ஜனங்களைச் சிரிக்க வைத்துக் காட்டினார்கள்.

சரி, ஹாலிவுட்டில்தான் என்றால் தெளிவான படத்துக்கு ஃபிலிமில் எடுக்க வேண்டும். எதிரே ஜனங்கள் இருந்தால்தான் லூசிக்கு நடிப்பு சூடு பிடிக்கும். ஜனங்களை உட்கார வைத்துக்கொண்டு ஷாட்டுக்கு ஷாட் லைட்டை மாற்றிக்கொண்டிருந்தால் எவன் சிரிப்பான்? இங்கேதான் கார்ல் ஃபிராய்ண்ட் வருகிறார். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்', ஹாலிவுட்டில் 'டிராகுலா' எடுத்த கேமராமேன். நிழலை வைத்தே பேர் வாங்கிய மனுஷன், இந்தத் தொடருக்காக நிழலை அடியோடு துடைத்தார். மூன்று கேமராக்கள், மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். நடுவில் உள்ளதற்கு வைட், அதாவது முழுக் காட்சி; பக்கத்து இரண்டுக்கும் க்ளோஸ்-அப். லைட்டுகளை எல்லாம் மேலே கட்டி, செட் முழுக்க ஒரே சீராக விழவிட்டார். நடிகர் எங்கே நின்றாலும் முகம் தெரியும், எடிட்டிங்கில் எந்தக் கேமராவின் படத்துக்கு வெட்டி மாறினாலும் பொருந்தும். மேலே இருந்து போட்டால் கண்ணுக்குக் கீழே குழி விழுமே என்பாய். அதற்குக் கேமராவிலேயே சின்ன லைட்டைப் பொருத்தினார்கள். நம் ஆட்கள் முகத்தில் வெளிச்சம் திருப்பத் தெர்மோகோல் பிடிக்கிற மாதிரிதான். நாடகம் போலக் காட்சிகள் வரிசையாக நடக்கும், ஏறக்குறைய முந்நூறு பேர் எதிரே உட்கார்ந்து சிரிப்பார்கள். நீ உட்கார்ந்த சோபாவுக்கு முன்னாலும் கேமராக்கள் இப்படித்தான் நின்றன.

ஃபிலிம் செலவு கூடுதல். தம்பதி வாரச் சம்பளத்தில் ஆயிரம் டாலரைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்த ஃபிலிம்களின் உரிமையைக் கேட்டார்கள். ஒருமுறை ஓடிய நிகழ்ச்சியை யார் மறுபடி பார்ப்பார்கள் என்று சேனல் கொடுத்துவிட்டது! லூசி பிரசவ ஓய்வில் இருந்தபோது பழைய பகுதிகளை மறுபடி போட்டார்கள், ஜனங்கள் பார்த்தார்கள். 1957-ல் அந்த உரிமையைச் சேனலுக்கே விற்றார்கள். அதே வருஷம், ஒரு காலத்தில் லூசி சம்பளத்துக்கு நடித்த ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவையே வாங்கிவிட்டார்கள். சம்பளத்தில் பிடித்தமா என்று நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் மறுக்கவில்லை.

பிரசவம் என்றதும் நினைவு வருகிறது. 'கர்ப்பம்' என்ற சொல்லையே அந்தத் தொடரில் சொல்ல விடவில்லை. கதையை ஒரு பாதிரியார், ஒரு போதகர், ஒரு ரப்பி (யூத மதகுரு) என்று மூன்று பேர் படித்துப் பார்த்தார்களாம். 1953 ஜனவரி 19-ல் கதையில் குழந்தை பிறந்தது, அதே நாளில் நிஜத்திலும் பிறந்தது. 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

சேர்ந்திருப்பதற்காகத் தொடங்கிய வேலை. 1960-ல் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. செயற்கைச் சிரிப்பு எரிச்சலாக இருக்கிறது என்கிறாய். அது சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் செய்த பெட்டி, பட்டனைத் தட்டினால் சிரிக்கும். லூசியில் கேட்பது நிஜ ஜனங்கள். அவர்களில் ஒருவர் லூசியின் அம்மா. படப்பிடிப்புக்குத் தவறாமல் வருவார். மகள் ஏதாவது வம்பில் மாட்டப்போகும் இடத்தில் 'அய்யய்யோ' என்கிற மாதிரி ஒரு குரல் எழும்பும். அது அவருடையது. சாக்லேட் தொழிற்சாலையில் பெல்ட் வேகமாக ஓட, லூசி சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் திணிக்கிற பகுதியை ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பார். கேட்டாலும் கேட்கும்.

உன் குறும்படத்துக்குச் சிரிப்பே வேண்டாம், ஒரே கேமரா போதும் என்று முடிவு செய்திருக்கிறாய். செய். லைட் பிளான் மட்டும் எனக்கு அனுப்பு. நீ அனுப்பிய ஸ்கிரிப்டை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். நீ சிரிப்புக்காக எழுதியிருந்த இடங்கள் இல்லை அவை. எவை என்று அவளே போனில் சொல்கிறாளாம்.

அன்புடன்,
அப்பா