மானியக் கோரிக்கையைப் படிக்க அவகாசம் வேண்டும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருநெல்வேலிக்கே மாற்றல் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தெல்லாம் மறுபடி தெரிகிறது. அதனால், உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கும் பணத்தை எங்கே பார்ப்பது என்று நீ கேட்டதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

அரசு ஆஸ்பத்திரிச் செலவைப் பட்ஜெட் உரையில் தேடாதே. சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கைப் புத்தகத்தை எடு, எண் 19. ஒரு துறை தன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. அதில் 2210 என்ற கணக்குத் தலைப்பில்தான் மருத்துவம், பொதுச் சுகாதாரச் செலவுகள் வரும். உள்ளே போகப் போக சம்பளம், மருந்து, பராமரிப்பு என்று பிரியும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கென்று தனி வரி பெரும்பாலும் இருக்காது, ஒரே வகை ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துத்தான் போடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, அதையே பிறகு மாற்றிக் கணித்த திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டுக்குக் கேட்பது. என் கண் முதலில் போவது திருத்த மதிப்பீட்டுக்குத்தான். மருந்துக்கு நிறைய ஒதுக்கிவிட்டு அங்கே குறைத்திருந்தால், ஏன் குறைந்தது என்று யாராவது கேட்டே ஆக வேண்டும்.

கேட்பதற்கு அவகாசம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. நம் சட்டமன்றத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் கோரிக்கைகள் வரும். துறை தன் பணிகளையும் திட்டங்களையும் விளக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு பெரும்பாலும் அன்றைக்குத்தான் உறுப்பினர் கைக்கு வரும். நூறு பக்கத்துக்கு மேல் உள்ளதைக் காலையில் வாங்கி, மதியத்துக்குள் யார் படித்துக் கேள்வி கேட்க முடியும்? கேரளத்தில் 1980 முதல் எம்.எல்.ஏ.க்களைக் கொண்ட துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. கோரிக்கைகள் முதலில் அந்தக் குழுக்களுக்குப் போய்விட்டுத்தான் அவைக்கு வரும். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லாதது பெரிய குறை என்று உறுதியாகச் சொல்வேன்.

நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் உண்டு. பட்ஜெட் தொடரின் நடுவே அவை கூடிக் கோரிக்கைகளை ஆராய்வதற்காகவே இடைவேளை விடுகிறார்கள். ஏப்ரல் 1-க்குள் எல்லாம் நிறைவேறி, துறைகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே செலவைத் தொடங்கட்டும் என்று 2017-இல் பட்ஜெட் நாளை முன்னால் நகர்த்திப் பிப்ரவரி 1 ஆக்கினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் 2018-லும் 2023-லும் அமளிக்கு நடுவே, மக்களவையில் எந்த அமைச்சகத்தின் கோரிக்கையையும் விவாதிக்காமல் 'கில்லட்டின்' முறையில் மொத்தமாக நிறைவேற்றிவிட்டார்கள். 2023-இல் அது சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்! நாள் முன்னால் வந்தும், குழு அறிக்கைகள் மேசையில் இருந்தும், அவையில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தத் துறை எந்த நாள் என்பது, அவையின் அலுவல்களை முடிவுசெய்யும் அலுவல் ஆய்வுக் குழு கூடியதும் தெரிந்துவிடும். மானியக் கோரிக்கைப் புத்தகம் பட்ஜெட்டோடு நிதித்துறை இணையதளத்தில் வந்துவிடும், விளக்கக் குறிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்து வரியின் நான்கு தொகைகளையும் ஒரே தாளில் எழுதி, கீழே ஒரு கேள்வியையும் போட்டு, உங்கள் எம்.எல்.ஏ.விடம் அந்த நாளுக்கு முன்பே நேரில் கொடு. எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்