தைக்காத ரவிக்கை

குளுகோர், பினாங்கு
5.10.2025

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. சாமி மாடத்தில் திருநீற்றுத் தட்டின் கீழ்தான் வைத்திருக்கிறேன். விளக்கேற்றப் போகும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. அம்மா அப்படியேதான் இருக்கிறார். தம்பிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் தோழி நெட்டையின் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, உனக்கும் சொல்லியிருப்பாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய்: "மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் இந்தோனேசியப் பெண்ணுக்குத் தீபாவளிக்கு ஐம்பது மலேசிய வெள்ளிக்குள் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" அப்போதே எழுதியிருந்தால் ஒரு சேலை வாங்கிக் கொடு என்று எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவை உனக்குத் தெரியும். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பேரப்பிள்ளைகள் அழைத்து அழைத்து வீட்டுக்கே அக்காவாகிவிட்டார். போன தீபாவளிக்கு உறையில் நூறு வெள்ளி வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் உறையை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். நோயாளி வீட்டில் பணம் வாங்கக் கூடாது என்று அவரை அனுப்பும் நிறுவனம் கையெழுத்து வாங்கியிருக்கிறதாம். பொருளாகக் கொடுத்தால் பரவாயில்லையாம். அன்று சாயங்காலமே மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போய், அதே நூறு வெள்ளிக்கு மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று வாங்கி வந்தேன். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் நிறைவாக இருந்தது.

ஆனால் அந்தச் சேலையில் அவரை நான் பார்க்கவே இல்லை. தைப்பூசம் போயிற்று, சித்திரைப் புத்தாண்டு போயிற்று. நிறம் பிடிக்கவில்லையோ என்று போன மாதம் கேட்டேவிட்டேன். அம்மாவுக்குப் பேம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "ரவிக்கை தைக்க அறுபது வெள்ளி கேட்டார்கள் டீச்சர். ஃபால்ஸ் வைக்கப் பதினைந்து. அந்த நேரம் மகனுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது. சேலை பத்திரமாக இருக்கிறது."

கமலா, நன்றி சொல்வதற்காகக் கொடுத்த பொருள் அவர் தலையில் எழுபத்தைந்து வெள்ளிச் செலவை ஏற்றியிருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குப் பிடித்த நிறம், எனக்குப் பிடித்த கரை, எனக்குத் தெரிந்த கடை. அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் அவரைக் கவனித்தேன். ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறார் தெரியுமா? மூக்குக் குழாயில் பால் விடுமுன் ஒரு முறை, விட்ட பின் ஒரு முறை, பேம்பர்ஸ் மாற்றினால் மறுபடியும். விரல் கணுக்களில் தோல் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சம்பழம் பிழியும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார். அந்தக் கைகள்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கின்றன. பதினான்கு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் முதுகில் ஒரு புண் இல்லை. டாக்டரே அதிசயப்பட்டார்.

இன்னொன்றும் பார்த்தேன். அக்கரையில் இருக்கும் பிறை ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார். 2019லிருந்து பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவருக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் பாலம் 13.5 கிலோமீட்டர், இந்த மாதத்து மழையும் காற்றும் உனக்குத் தெரியாததா? அவருடைய மழைக்கோட்டின் தோள்பட்டை கிழிந்து, அதன்மேல் ஒட்டிய கறுப்பு டேப்பும் உரிந்து தொங்குகிறது. சப்பாத்துக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருக்கிறார். ஒரு வருடமாக அந்தக் கோட்டு எங்கள் வாசல் கம்பியில்தான் காய்கிறது, கமலா. நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அதனால் இந்த வருடம் முதலில் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, என்ன கொடுக்கலாம், எந்த அளவுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு மேலும் கீழுமாக இரண்டு துண்டாக வரும் மழைக்கோட்டு வாங்கினேன். இருட்டில் மின்னும் பட்டை போட்டது, 58 வெள்ளி. மருந்துக் கடையில் கைக்களிம்பு 22 வெள்ளி. வாசனை இல்லாததாகக் கேட்டு வாங்கினேன். வாசனைப் பூச்சு வெடிப்பில் பட்டால் எரியும், அம்மாவுக்கும் இருமல் வரும். எழுபத்தைந்து வெள்ளியைத் தையல்காரம்மாவிடம் நேரே கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பதிலாக வரும் பையனுக்கு ஒரு டின் முறுக்கு, அவனே கேட்டான்.

காசு செலவில்லாமல் இன்னொன்றும் செய்தேன். நிறுவனத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். வெறுமனே நல்லவர், பொறுப்பானவர் என்று எழுதவில்லை. பதினான்கு மாதம், ஒரு படுக்கைப் புண் இல்லை; ஜூலையில் அம்மாவுக்கு மூச்சு மாறியதை முதலில் கவனித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னவர் அவர் என்று நடந்ததை நடந்தபடி எழுதி, ஒரு படியை அக்கா கையிலும் கொடுத்தேன். சம்பள உயர்வு கேட்கப் போகும்போது அது கையில் இருக்கட்டும். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பிளாஸ்டிக் உறை இருக்கிறதா டீச்சர் என்று கேட்டார்.

இனி உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சோப்புப் பெட்டி மட்டும் வாங்கிவிடாதே! என் கல்யாணத்துக்கே அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தாய். நாள் முழுவதும் சோப்பில் கை ஊறுகிறவளுக்கு இன்னும் சோப்பு எதற்கு? என்னைக் கேட்கிறாயே, அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? ஐம்பது வெள்ளிக்குக் களிம்பும் நல்ல காலுறையும் வந்துவிடும். அதைவிட, பயணக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் முப்பது வெள்ளி போட்டு, மீதிக்குத் தொலைபேசியில் டேட்டா ஏற்றிக் கொடு. மை50 பயண அட்டை மலேசியர்களுக்குத்தான், அவளுக்குக் கிடைக்காது. செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி பண்டாராயாவில் இறங்கி, ஒரு நாள் முழுவதும் தன் ஊர்ப் பெண்களோடு சுற்றிவிட்டு வரட்டும். அன்று மாமியாரை நீ பார்த்துக்கொள். பலகாரம் கொடுத்தால் ஹலால் முத்திரை பார்த்து வாங்கு. பெரிய அன்பளிப்பை மார்ச்சில் நோன்புப் பெருநாளுக்கு வைத்துக்கொள், அதுதான் அவளுடைய பண்டிகை.

இதைச் சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது. போன வருடம் நான் வந்திருந்தபோது அவளுடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உன் அலமாரியில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. தொலைந்துவிடும் என்றுதான் வைத்திருக்கிறேன் என்றாய். உன் மனம் எனக்குத் தெரியும். ஆனாலும் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். அவளிடமே கொடுத்துவிடு, பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டியும், சாவியோடு. சம்பளத்தையும் பார். இந்தோனேசியாவோடு 2022 ஏப்ரல் 1ஆம் தேதி போட்ட ஒப்பந்தத்தில் குறைந்தது 1,500 வெள்ளி என்று இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேரவில்லை. பொது விடுமுறையையும் சட்டம் அவர்களுக்கு உறுதி செய்யவில்லை. நீ விட்டால்தான் அவளுக்கு விடுமுறை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளரும் உண்டு. அவள் பெயரைப் பதிந்திருக்கிறாயா? கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் இதையெல்லாம் செய்துவிட்டுக் கோபித்துக்கொள்.

நேற்று அக்காவைத் தையல் கடைக்கு அழைத்துப்போனேன். தம்பி அம்மாவோடு இருந்தான். அளவெடுக்கும்போது அக்கா, "கையைக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள், அம்மாவைத் தூக்க வேண்டும்" என்றார். தீபாவளி அன்று நீங்கள் யாரையும் தூக்க வேண்டாம், அன்றைய சம்பளம் வழக்கம்போல வந்துவிடும், நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தையல்காரம்மாவிடம் திரும்பி, "அப்படியென்றால் பிடிப்பாகவே தையுங்கள்" என்றார்.

17ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 20ஆம் தேதி அந்தச் சேலையில் மகனோடு வீட்டுக்கு வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். படம் எடுத்து அனுப்புகிறேன். அதற்குள் கடப்பிதழ் விஷயம் என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
மீனா