கூட்டக் குறிப்பை நீ எழுது

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பாலின ஆய்வுத் துறை நடத்தும் மூன்று நாள் மகளிர் தலைமைத்துவ நிகழ்வின் ஏற்பாட்டுக் குழுவில் உன் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள் என்றாய். "நான் இயற்பியல்காரன், அதிலும் ஆண். எனக்கு அங்கே என்ன வேலை அப்பா? விலகிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு நான்கு நாள்களாக ஒரு பழைய பிற்பகல் என்னை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று.

நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் கல்லூரியில் ஆசிரியர் கூட்டம். புள்ளியியல் துறையில் என்னைவிட மூத்த அம்மையார் ஒருவர் இருந்தார். விடைத்தாள் கட்டுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதை விட்டு, ஒரு கேள்வியை எல்லாத் தாள்களிலும் ஒரே ஆசிரியர் திருத்தினால் மதிப்பெண்ணில் ஏற்றத்தாழ்வு குறையும் என்று அவர் சொன்னார். யாரும் தலைநிமிரவில்லை. பேச்சு வேறெங்கோ போயிற்று. கால் மணி நேரம் கழித்து அதையே நான் வேறு சொற்களில் சொன்னேன். எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிச் சொல்லவில்லை. அவர் சொன்னது மனத்தில் தங்கி, என் யோசனை போலவே வாய்க்கு வந்துவிட்டது. "அருமையான யோசனை" என்றார் முதல்வர். அங்கேயே தீர்மானம் ஆயிற்று.

அந்தக் கூட்டத்தில் குறிப்பு எழுதியவரும் அதே அம்மையார்தான். எப்போதும் அவர்தான் எழுதுவார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி நோட்டை அவரிடம் நகர்த்திவிடுவோம். அன்று அந்த யோசனைக்கு எதிரே என் பெயரைத் தம் கையாலேயே எழுதினார். எழுதும் முன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இதை முதலில் சொன்னவர் இவர்" என்று நான் சொல்லியிருக்க வேண்டிய கணம் அது. நான் வாய் திறக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து எனக்குப் பொறுப்பான பதவி வந்தபோது, நான் செய்த நல்ல காரியங்களில் அந்தத் திருத்த முறையையும் மேடையில் சொன்னார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

ஆகவே விலகாதே. அங்கே உனக்கு வேலை இருக்கிறது.

நீ ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தும் நோதர் தேற்றத்தையே எடுத்துக்கொள். இயற்கை விதியில் ஒரு தொடர் சமச்சீர் இருந்தால், அதாவது இடத்தையோ நேரத்தையோ சிறிது சிறிதாக நகர்த்தினாலும் விதி மாறாமல் இருந்தால், அதற்கு ஈடாக மாறாத அளவு ஒன்றும் இருக்கும் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் எம்மி நோதர் 1918-இல் நிறுவினார். அந்தக் கட்டுரையைக் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தின் முன் வைத்தவர் அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் கிளைன், ஏனென்றால் நோதர் அங்கே உறுப்பினர் இல்லை. அதற்கு முன் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஏழு ஆண்டுகள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர் அவர். 1915-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தும்கூட, பெண் என்பதால் தம் பெயரில் பாடம் நடத்தும் உரிமை 1919 வரை அவருக்குக் கிடைக்கவில்லை. வகுப்பு அறிவிப்பில் கணிதப் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட்டின் பெயர் இருக்கும், பாடம் நடத்துபவர் நோதராக இருப்பார். ஹில்பர்ட்டை நான் குறை சொல்ல மாட்டேன். சக பேராசிரியர்களோடு அவருக்காக மல்லுக்கட்டியவர். தம் பெயரை இரவல் கொடுத்திராவிட்டால் அந்த வகுப்பே நடந்திருக்காது. ஆனாலும் அறிவிப்பில் நின்றது ஹில்பர்ட்டின் பெயர்தானே?

நோதரிடம் என்ன குறைவாக இருந்தது? தன்னம்பிக்கையா? பேச்சுத் திறனா? மகளிர் தலைமைத்துவம் என்ற பெயரில் நடக்கும் பல அமர்வுகளைப் பார்த்துவிட்டேன். நிமிர்ந்து உட்கார், உரக்கப் பேசு, தயங்காதே என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. எங்கள் அம்மையார் தெளிவாகத்தான் பேசினார். கேட்காமல் இருந்தது எங்கள் காது. பயிற்சி யாருக்குத் தேவைப்பட்டது என்று நீயே சொல்.

பாலின ஆய்வு என்ற படிப்பு இந்த இடத்தில்தான் உதவுகிறது. 1970-இல் அமெரிக்காவின் சான் டியேகோ அரசுப் பல்கலைக்கழகத்தில் மகளிர் ஆய்வு தனிப் படிப்பாகத் தொடங்கியபோது, வரலாறும் இலக்கியமும் விட்டுவிட்ட பெண்களைத் தேடி எடுப்பதே பெரிய வேலையாக இருந்தது. 1986-இல் வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட், பாலினம் என்பது அதிகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டும் கருவி என்று வாதிட்டார். அப்படிப் பார்த்தால் அந்தப் படிப்புக்குள் நானும் நீயும் இருக்கிறோம். யார் நோட்டை நகர்த்தினார், யார் வாங்கிக்கொண்டார் என்பதும் அதன் பாடம்தான்.

நம் மொழியில் ஒன்றைக் கவனித்திருக்கிறாயா? 'தலைவர்' என்ற சொல்லில் ஆண்பால் விகுதியும் இல்லை, பெண்பால் விகுதியும் இல்லை. துணைவேந்தர், பேராசிரியர், ஒருங்கிணைப்பாளர் எல்லாமே அப்படித்தான். இலக்கணம் இடம் விட்டிருக்கிறது. நாம்தான் 'பெண் தலைவர்' என்று அடைமொழி சேர்த்து, வெறும் 'தலைவர்' என்றால் ஆண் என்று ஆக்கிவிட்டோம். இந்த நிகழ்வின் அழைப்பிதழை எழுதும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் முன்வந்தால் குழுவுக்கே நன்மை, ஆனால் முன்வருபவருக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்ற வகையில் ஒரு சோதனை. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகமாக முன்வந்தார்கள். வேலையை ஒப்படைக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும் பெண்களையே அதிகமாகக் கேட்டார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் என்ன நடந்தது தெரியுமா? பெண்கள் மட்டும் இருந்த குழுக்களுக்குக் குறையாமல் அங்கேயும் ஆள் கிடைத்தது. செய்ய வேண்டியவர் வேறு யாரும் அறையில் இல்லை என்றால் ஆண்களுக்கும் கை எழுகிறது. அந்த வரியைப் படித்த அன்று எனக்கு எங்கள் நோட்டு நினைவுக்கு வந்தது.

ஆகையால் குழுவின் முதல் கூட்டத்தில், கூட்டக் குறிப்பை நான் எழுதுகிறேன் என்று சொல். மின்னஞ்சல் அனுப்புவது, அறை முன்பதிவு, பேச்சாளர்களின் பயணச் சீட்டு, ரசீது திரட்டுவது ஆகியவற்றையும் நீயும் மற்ற ஆண்களும் எடுத்துக்கொள்ளுங்கள். நிதியைப் பிரிப்பதும், யாரை அழைப்பது என்று முடிவெடுப்பதும், அமர்வுகளுக்குத் தலைமை ஏற்பதும் பெண்களிடம் இருக்கட்டும். மேடையில் வந்து பெண்களைப் பாராட்டிப் பேச உன்னைக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

கேள்வி நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிகழ்வுகள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பத்து நாடுகளில் 247 ஆய்வுக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவாகவே கேள்வி கேட்டார்கள். முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட கூட்டங்களில் அந்த இடைவெளி இன்னும் அகலமாக இருந்தது. நீ ஒலிவாங்கியோடு அரங்கில் நடப்பவனாக இரு. முன்வரிசையில் சட்டென்று உயரும் கையைத் தாண்டிப் போ. பின்வரிசையில் பாதி உயர்ந்து இறங்கும் கை ஒன்று இருக்கும், அங்கே போய் நில். தொடக்க உரைகள் நீண்டுவிட்டன என்று கேள்வி நேரத்தை வெட்டச் சொன்னால் சம்மதிக்காதே. உரையை வெட்டச் சொல். பெரியவர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

பதவியில் இருக்கும் பெண்கள் அனுபவம் பகிரும் அமர்வு இருந்தால், எந்தச் சூழ்நிலையில் அந்தப் பதவி வந்தது என்று கேட்கச் சொல். பெண்கள் உயர் பதவிக்கு ஏறவிடாமல் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத தடையான கண்ணாடிக் கூரையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2005-இல் மிஷெல் ரயன், அலெக்சாண்டர் ஹஸ்லம் என்ற இரண்டு உளவியலாளர்கள் வேறொன்றைச் சுட்டினார்கள். நிறுவனம் தடுமாறும் நேரத்தில் பெண்களை உயர் பொறுப்பில் அமர்த்தும் போக்கு அது. கூரையைத் தாண்டி ஏறியவர் வந்து நிற்பது பல நேரங்களில் மலை விளிம்பு. விழுந்தால் பழி அவருக்கு. இதைப் புதிதாகப் பொறுப்பேற்கப் போகும் பெண்கள் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். புள்ளியியல் அம்மையார் கதையை அவளும் இன்றுதான் முதன்முறையாகத் தெரிந்துகொண்டாள். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அமர்வுகளை மாலை ஐந்து மணிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று எழுதுங்கள். குழந்தை இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். முக்கியமான முடிவெல்லாம் அவர்கள் போன பிறகுதான் எடுப்பார்கள்" என்றாள். வேலைக்குப் போன இருபத்தாறு ஆண்டுகளில் தான் எழுந்து வந்த கூட்டங்களை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த நாள்களில் நான் ஏன் முன்னதாக வீட்டுக்கு வரவில்லை என்று அவள் கேட்கவில்லை.

நிகழ்வு முடிந்ததும் கூட்டக் குறிப்புகளின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பு. எந்த யோசனைக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா